அண்ணனின் குடியால் உடைந்துபோன அம்மாவை எந்தக் குழுவில் சேர்ப்பது?

கேள்வி: அண்ணனின் குடிப்பழக்கத்தால் அம்மா மிகவும் நொந்துபோயிருக்கிறார். ஏதாவது குழுவில் சேரச் சொல்கிறார்கள். உளவியலில் என்னென்ன குழுக்கள் உண்டு, எது எதற்கு? சென்னையில் இருக்கிறோம்.

பதில்: சேர்வதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: யார் நடத்துகிறார்கள், எதற்காக நடத்துகிறார்கள்? இது தெரியாமல் போனவர்கள்தான் "அங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது உளக்கல்விக் குழு. பாஸ்டனில் மருத்துவர் ஜோசப் பிராட் 1905-ல் காசநோயாளிகளைக் கூட்டிவைத்து நடத்திய வகுப்புகளிலிருந்தே குழு சிகிச்சையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். என் தம்பிக்கு மனச்சிதைவு வந்தபோது எங்கள் வீட்டைத் தாங்கிப் பிடித்தது இந்த வகைதான். குளிக்காமல் படுத்தே கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் அறிகுறி என்று அங்கேதான் அப்பாவுக்குப் புரிந்தது. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் சக ஆய்வாளர்களும் 1972-ல் வெளியிட்ட ஆய்வையும் அங்கே விளக்கினார்கள். குத்தல் பேச்சும் அளவுக்கு மீறிய பொத்திவைப்பும் உள்ள வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகமாம். அதன்பிறகு எங்கள் வீட்டில் சத்தம் குறைந்தது. மருந்தோடு இதுவும் சிகிச்சைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழு சிகிச்சை வேறு. பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல மருத்துவரோ ஏழெட்டுப் பேரை முன்கூட்டியே பேசித் தேர்ந்தெடுத்து நடத்துவது. வெளியே நாம் மனிதர்களோடு பழகும் விதம் குழுவுக்குள்ளும் அப்படியே வெளிப்படும், அங்கேயே அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமின் அணுகுமுறை. உறவுகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சிக்குபவர்களுக்கு இது ஏற்றது. கோபத்தைக் கையாளவும் பதற்றத்தைக் குறைக்கவும் பழக்கும் திறன் பயிற்சிக் குழுக்களும் உண்டு.

உங்கள் அம்மாவுக்கு முதலில் வேண்டியது ஆதரவுக் குழு. அங்கே நிபுணர் இருக்க வேண்டியதில்லை. அதே வேதனையில் இருப்பவர்களே பேசுவார்கள், கேட்பார்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குடிப்பவர்களுக்கானது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. கட்டணம் இல்லை, யார் வந்தார், என்ன பேசினார் என்பது வெளியே போகாது. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் விலகுவதே பெரிய ஆறுதல். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தே வாழும் அம்மாக்களுக்கு இதன் அருமை புரியும்.

அண்ணனின் குடிப்பழக்கச் சிகிச்சைக்கு, 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, வாழ்வே வேண்டாம் என்று பேசுகிறார் என்றால் குழுவுக்காகக் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றபடி, அண்ணன் சிகிச்சைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் குடித்துக்கொண்டிருந்தாலும் அம்மா அல்-அனானுக்குப் போகலாம்.