லெச்சித் தோப்புக்குப் பின்னால் காடு: எந்த மரத்தை வெட்டுவது?

கேள்வி: மொரீஷியஸில் ஷாமரெலுக்கு மேலே சரிவில் எனக்கு 14 லெச்சி மரங்கள். அப்பா வைத்தவை, ஒவ்வொன்றும் முப்பது அடிக்குக் குறையாது. பின்னால் ஓடை வரைக்கும் ஒன்றரை ஆர்பான் (ஆர்பான் ஏறக்குறைய ஒரு ஏக்கர்) காடு, அதுவும் எங்கள் பேரில்தான். நவம்பர் பிறந்தால் இரவெல்லாம் வௌவால். போன வருஷம் பாதிப் பழம் போச்சு. காட்டில் உள்ள பெரிய மரங்களை வெட்டிவிட்டால் அவை வந்து தங்காது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வெட்டலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முதல் காரணம் சட்டம். ஓடை, ஆறு என்றால் கரையோரம் ஒதுக்குக் காடு. நிலம் உங்கள் பேரிலேயே இருந்தாலும் ஆற்றோரம் 16 மீட்டர், சிற்றாறு என்றால் 8 மீட்டர் வரை வனத்துறை அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்கக்கூடாது. எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அனுமதி கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பலன் இல்லை. இந்தப் பழந்தின்னி வௌவால் ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து மேய்கிற பிராணி. உங்கள் மரத்தில் தொங்காவிட்டால் அடுத்த மலையில் தொங்கும், இருட்டினதும் உங்கள் லெச்சிக்கே வரும். அரசாங்கமே 2015-லும் 2016-லும் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. அதனால் பழக்காரர்களுக்கு வருமானம் கூடவில்லை. வருஷத்துக்கு ஒரே குட்டி போடுகிற இனத்துக்குத்தான் சேதம்: 2018-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் உலகச் செம்பட்டியலில் அருகிய இனமாக ஏறிவிட்டது. நீங்களாகச் சுடுவதோ விஷம் வைப்பதோ குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் வருகிறது என்று பாருங்கள். டச்சுக்காரன் கருங்காலியை வெட்டினான், அப்புறம் கரும்புக்காகக் காட்டை அழித்தார்கள். இன்று மொரீஷியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் சொந்தக் காடு 2 விழுக்காடுகூடத் தேறாது. அந்த மிச்சத்துக்குள்ளும் கொய்யா தெ ஷின் என்கிற வெளிநாட்டுச் சின்னக் கொய்யா புகுந்து நெருக்குகிறது. விரல் தடிமன் குச்சிகள், நடக்க இடமில்லாமல், மூங்கில் படல் அடைத்த மாதிரி. ப்ளேன் ஷாம்பாஞ் பக்கம் போய்ப் பறித்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்கிற ருசி எனக்கும் தெரியும், அதற்காகச் செடியை மன்னிக்க முடியாது. அதன் நடுவில் நிற்கும் நாத், கொலோஃபான் ஆகிய சொந்த மரங்கள் தண்ணீருக்கும் உரத்துக்கும் போராடிக் காய்ப்பைக் குறைத்துக்கொள்கின்றன. காய்க்கிற கொஞ்சத்தையும் குரங்கு பச்சையாகவே பறித்துப் போட்டுவிடும். வௌவாலுக்கு மிஞ்சுவது என்ன?

கருநதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் சில இடங்களில் இந்த அந்நியச் செடிகளைக் களைந்து வருகிறார்கள். களைந்த பகுதியில் சொந்த மரங்கள் கூடுதலாகக் காய்க்கின்றன, வௌவாலும் அங்கே அதிகம் மேய்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகவே உங்கள் காட்டில் வெட்ட வேண்டியது கொய்யாவைத்தான், பெரிய மரத்தை அல்ல. மழை பெய்து மண் இளகியதும் சின்னச் செடிகளை வேரோடு பிடுங்குங்கள். பெரியதை அறுத்து மட்டும் விட்டால் அடியிலிருந்து பத்துத் துளிர் வரும், கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். சரிவு நிலம், ஒரே மூச்சில் வெறுமையாக்கினால் மண் ஓடைக்குப் போகும். கீற்றுக் கீற்றாக வருஷம் கால் ஆர்பான் போதும், முளைத்து வருவதை அப்பப்போது பிடுங்கிக்கொண்டே இருங்கள். அங்கே நாத் கன்று ஏதாவது தென்பட்டால் மான் கடிக்காமல் கம்பி வலை சுற்றிவிடுங்கள். அந்த விதையைப் போட்டதும் பெரும்பாலும் வௌவாலாகத்தான் இருக்கும். பெரிய ஆமையும் டோடோப் பறவையும் அழிந்துபோன பிறகு பெரிய விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போட இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் பல வருஷ வேலை. வருகிற நவம்பருக்கு வழி லெச்சி மரத்தில்தான் இருக்கிறது. முப்பது அடி மரத்துக்கு ஒழுங்காக வலை போட யாராலும் முடியாது. அறுவடை முடிந்ததும், தைப்பூசக் காவடிக்கு முன்னே கத்தரித்துவிடுங்கள். ஒரேயடியாக வேண்டாம். இந்த வருஷம் நான்கைந்து மரம், அடுத்த வருஷம் இன்னொரு நான்கைந்து என்று மூன்று வருஷத்தில் எல்லாவற்றையும் பதினைந்து அடிக்குக் கொண்டுவாருங்கள். கத்தரித்த மரம் ஒரு பருவம் சரியாகக் காய்க்காது, அந்த நஷ்டத்தை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டை மரத்தைச் சூறாவளியும் அவ்வளவாக முறிக்காது.

வலையைப் பூக்கும்போது போடாதீர்கள், தேனீ வர வேண்டும். காய் பிடித்து, நிறம் திரும்புவதற்கு முன் போடுங்கள். வலைக் கண்ணுக்குள் உங்கள் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். மூங்கிலிலோ குழாயிலோ சட்டம் கட்டி, பழத்தைத் தொடாமல் விறைப்பாக இழுத்து, அடியிலும் கட்ட வேண்டும். கிளைமேல் சும்மா போர்த்தினால் வௌவால் வலைமேல் உட்கார்ந்தே கடித்துத் தின்னும். முதல் வருஷம் நானும் அப்படித்தான் போர்த்தினேன். ஒரு விடியலில் போனால் ஒரு தாய் வௌவால் இறக்கையில் நூல் சுற்றித் தொங்குகிறது, மார்பில் குட்டி. தடிமனான கையுறை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் நூல் நூலாக அறுக்க அரை மணி நேரம் ஆனது. வலையும் போச்சு.

இன்னொன்று: பாதிப் பழம் போனது வௌவாலால்தானா? விடியலில் மரத்தடியைப் பாருங்கள். சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டை கிடந்தால் வௌவால். பழம் கிளையிலேயே இருந்து ஒரு பக்கம் மட்டும் கொத்திக் குடைந்திருந்தால் கொண்டைக்குருவியோ மைனாவோ. எலி பல்லால் சுரண்டியிருக்கும். எலிக்கு வலை போதாது, அடிமரத்தில் தகடு சுற்ற வேண்டும்.

வலைக்கு அரசு மானியம் தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று ஃபாரெய் (அரசு வேளாண் ஆராய்ச்சி, விரிவாக்க நிறுவனம்) விரிவாக்க அலுவலரிடம் கேளுங்கள். போகும்போது ஒவ்வொரு மரத்தின் உயரத்தையும் கிளை விரிவையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.