டோரி ஏமோஸின் பியானோ – கடிதம்

அன்புள்ள சார்,

நலமா? போன மாதக் கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தொண்ணூறுகளில் வந்த ஆல்பங்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்கப் பாடகி டோரி ஏமோஸின் ‘லிட்டில் எர்த்க்வேக்ஸ்’ என்று. அதற்கு முன் அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு 27 வயது. அது வந்தபோது நான் பிறக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒருவர் தன் டைரியைத் திறந்துவைத்து, பியானோ வாசித்துக்கொண்டே சத்தமாகப் படிப்பதுபோல் இருந்தது. எங்கே பார்த்தாலும் நான், எனக்கு, என் வலி. டிரம்ஸ் வரும் இடங்களில் பழைய வாடை. பதினோராவது பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதைத் தாங்க முடியவில்லை. ‘விண்டர்’ பாட்டை மட்டும் இன்னொரு முறை கேட்டேன்.

இந்த ஆல்பத்தைச் சமீபத்தில் மறுபடி கேட்டீர்களா, இல்லை அந்த வயதில் கேட்ட நினைவில் சொல்கிறீர்களா? மறுபடி கேட்டால் அது தாக்குப்பிடிக்கிறதா? தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எஸ்.
கோவை

அன்புள்ள எஸ்,

தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். அந்த வரியை எழுதியபோது ஆல்பத்தை முழுசாகக் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகு இந்த வாரம் மூன்று முறை கேட்டேன். ஒருமுறை காரில், ஒருமுறை ராத்திரி எல்லோரும் தூங்கிய பின், ஒருமுறை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு. மூன்றாவதுதான் சரியாக இருந்தது.

நான் இதை வாங்கியது 1998இல், நியூஜெர்சியின் எடிசனில். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து, அதைச் சரிசெய்ய ஆள் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தோடு போனவன். பழைய சிடி விற்கும் கடை ஒன்றில் நாலு டாலர். பாடகியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மடங்கி உட்கார்ந்திருக்கும் செம்பட்டை முடிப் பெண், கூடவே ஒரு பொம்மை பியானோ. அந்தப் பொம்மைக்காகத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். அறையில் நாலு பேர். மூன்றாம் நாள் ஒருவன், “இந்தம்மா எப்பத்தான்டா அழுது முடிப்பாங்க?” என்று கேட்டான். நீங்கள் டைரி என்று சொன்னதும் அவன் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னது ஒன்றுதான், நீங்கள் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆனால் டைரி என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஆல்பம் உருவான கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

டோரி 1963இல் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் போதகர். ஐந்து வயதில் பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளியில் இடம் கிடைத்தது, பதினொரு வயதில் வெளியே வந்தாயிற்று. தாளைப் பார்த்து வாசிப்பதைவிடக் காதால் கேட்டு வாசிப்பதில்தான் ஆர்வம். அதற்கப்புறம் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே வாஷிங்டன் பார்களில் பியானோ வாசிக்கப் போகிறார். துணைக்கு அப்பாவே வந்து உட்காருவார். ஒரு போதகர் பாரில் காவல் இருப்பதைக் கற்பனை செய்துபாருங்கள்.

1988இல் ஒரு ராக் குழுவோடு முதல் ஆல்பம். ‘ஒய் கான்ட் டோரி ரீட்’ என்று பெயர். அட்டையில் தலைமுடியை வைக்கோல்போர் மாதிரி ஏற்றிவிட்டு, தோளில் வாளோடு நிற்பார். சீந்த ஆளில்லை. ஆனால் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. அடுத்த ஆல்பத்தைப் பியானோவை நம்பிச் செய்து கொடுத்தார். கம்பெனி ஏற்கவில்லை. பியானோவை எடுத்துவிட்டு கிடார் போடச் சொன்னார்கள் என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் பியானோவை எடுக்கவில்லை, பாட்டுகளைச் சேர்த்தார். நீங்கள் கேட்ட பன்னிரண்டில் ‘குரூசிஃபை’, ‘சைலன்ட் ஆல் தீஸ் இயர்ஸ்’, ‘விண்டர்’, ‘மதர்’ உள்ளிட்ட ஆறு முதல் சுற்றில் வந்தவை. திருப்பி அனுப்பிய பிறகு, அப்போதைய துணைவர் எரிக் ராஸோடு சேர்ந்து குறைந்த செலவில் பதிவுசெய்தவை நாலு: ‘கேர்ள்’, ‘பிரெஷஸ் திங்ஸ்’, ‘டியர் இன் யுவர் ஹேண்ட்’, தலைப்புப் பாட்டு. கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே போன பிறகு பதிவானவை ‘சைனா’வும், நீங்கள் பாதியில் நிறுத்திய அந்தப் பதினோராவது பாட்டும். எல்லாம் சேர்ந்து 1992 ஜனவரியில் முதலில் இங்கிலாந்தில் வெளிவந்தது, அமெரிக்காவில் அடுத்த மாதம். திருப்பி அனுப்பினார்கள் என்று யாராவது டைரியில் நாலு பக்கம் சேர்த்து எழுதுவார்களா?

இன்னொன்று. ‘சைலன்ட் ஆல் தீஸ் இயர்ஸ்’ இருக்கிறதே, இத்தனை வருடம் வாயடைத்துப்போய் இருந்த பெண் பேசத் தொடங்குகிற பாட்டு, அதை அவர் முதலில் தனக்காக எழுதவில்லை. அல் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாடகருக்காக எழுதினார். இது உன் கதை, நீயே வைத்துக்கொள் என்று தடுத்தவர் எரிக் ராஸ். தன் கதை என்று தனக்கே தெரியாமல் எழுதியதை நாம் அந்தரங்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதன் ஆரம்பத்தில் பியானோ ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றிச்சுற்றி வருமே, ஜன்னல் கண்ணாடியில் முட்டும் வண்டு மாதிரி, அதை மட்டும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். வார்த்தை தொடங்கும் முன்பே விஷயம் அங்கே வந்துவிடுகிறது.

‘பிரெஷஸ் திங்ஸ்’தான் அந்த வயதில் என் பாட்டு. இப்போதும் அசைக்க முடியவில்லை. பியானோ ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் மூச்சு விடும் சத்தத்தைத் தாளம்போலச் சேர்த்திருக்கிறார்கள். யாரோ துரத்த ஓடுகிற பெண்ணின் மூச்சு. பாட்டில் ஒரு பையன், நீ பார்க்க நன்றாக இல்லை, ஆனால் நீ வாசிப்பது எனக்குப் பிடிக்கும் என்கிறான். அவள் அவமானத்தில் செத்தே போகிறாள், ஆனாலும் அவனுக்கு நன்றி சொல்கிறாள். இருபத்தாறு வயதில் எனக்கு அந்தப் பையன் மேல்தான் கோபம் வந்தது. இந்த வாரம் கேட்டபோது அந்த நன்றி தொண்டையில் நின்றது. பாட்டு முழுக்க அவள் சீறுவதும் அவன்மேல் இல்லை, தான் சொன்ன நன்றியின் மேல்தான். தன்மேலேயே திரும்புகிற கோபத்தை வெறும் புலம்பல் என்று சொல்லிவிட முடியுமா?

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘குரூசிஃபை’யில் டிரம்ஸ் கல்யாண மண்டபத்தில் அடிப்பதுபோல எதிரொலிக்கிறது. அது எண்பதுகளின் மிச்சம், நல்ல பாட்டைக் கொஞ்சம் அமுக்கிவிடுகிறது. ‘லெதர்’ அந்தக் காலத்தில் துணிச்சலாகத் தெரிந்தது, இப்போது தாண்டிவிடுகிறேன். ‘ஹாப்பி ஃபாண்டம்’ நேர்மாறு. செத்துப்போய் ஆவியாகத் திரிந்தால் எவ்வளவு ஜாலி என்று குதிக்கிற பாட்டு, கன்ஃபூசியஸ் பேனாவால் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அப்போது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஐம்பதைத் தாண்டிவிட்டால் அந்த ஜோக் வேலை செய்கிறது.

நினைவில் சொல்கிறீர்களா என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. என் சிடியில் ‘சைனா’ பாட்டின் நடுவில் ஒரு கீறல். அந்த இடத்தில் பாட்டு சட்டென்று துள்ளி அடுத்த வரிக்குப் போய்விடும். பல வருடம் அப்படியே கேட்டு, அப்படியே கூடப் பாடியும் பழகிவிட்டேன். இந்த வாரம் போனில் கேட்கும்போது அந்த இடத்தில் பாட்டு துள்ளவில்லை, என் வாய்தான் துள்ளியது. நடுவில் நாலைந்து நொடி பியானோவும் வயலின்களும் இருக்கின்றன. அவற்றை நான் கேட்டதே இல்லை. காதலர்கள் இருவர் ஒரே அறையில் இருந்தும் சீனப் பெருஞ்சுவர் தூரத்தில் இருப்பதைப் பற்றிய பாட்டு அது. ஆக, ‘மிகப் பிடித்த ஆல்பம்’ என்று நான் எழுதியது நாலைந்து நொடி குறைவான ஓர் ஆல்பத்தைப் பற்றி.

பதினோராவது பாட்டு, ‘மீ அண்ட் எ கன்’. நிறுத்தியது சரிதான். அதை முழுக்கக் கேட்டே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நானும் மூன்று முறையில் ஒருமுறைதான் கேட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸில் இருபத்தொரு வயதில் அவருக்கு நடந்த பாலியல் வன்முறையைப் பற்றியது அது. ஒரு நிகழ்ச்சி முடிந்து, ரசிகன் ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போன இரவு. பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு, தோழியைப் பலாத்காரம் செய்ய முயன்றவனை ஒரு பெண் சுட்டுவிடும் ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தை 1991இல் பார்த்த பிறகு எழுதினார். அதில் வாத்தியமே கிடையாது. ஐந்து வயதுக்கு முன்பே பியானோ முன்னால் உட்கார்ந்தவர், கம்பெனி எடுக்கச் சொன்னபோதும் எடுக்காதவர், இந்த ஒரு பாட்டில் கையை எடுத்துவிடுகிறார். பாட்டு நடந்ததை அதிகம் விவரிப்பதும் இல்லை. அந்த நேரத்தில் மனம் எங்கெங்கோ ஓடுவதைச் சொல்கிறது. கரோலினாவில் சாப்பிட்ட பிஸ்கட், இன்னும் பார்க்காத பார்படோஸ் தீவு. பார்படோஸைப் பார்க்கவில்லை, அதனால் இதிலிருந்து உயிரோடு வெளியே போயாக வேண்டும் என்று ஒரு கணக்கு. இதற்குப் பிறகு நிகழ்ச்சிகளில் பெண்கள் தங்களுக்கு நடந்ததை அவரிடம் வந்து சொல்லத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ‘ரெயின்’ அமைப்பு 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் குரலாக நின்றவர் அவர்தான். அந்த அமைப்பின் தொலைபேசி உதவி இன்றும் நடக்கிறது.

நீங்கள் இரண்டாம் முறை கேட்ட ‘விண்டர்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பனியில் விளையாடப் போகிற சின்னப்பெண், அப்பாவின் கையுறைக்குள் தன் கையை விட்டுக்கொள்கிறாள். பல்லவியில் அப்பா பேசுகிறார். நான் உன்னை நேசிக்கிற அளவுக்கு நீ எப்போது உன்னை நேசிக்கப்போகிறாய் என்று. முதலில் வெள்ளைக் குதிரைகள் இன்னும் படுக்கையில் இருக்கின்றன, கடைசிப் பல்லவியில் அவை முன்னால் போய்விட்டிருக்கின்றன. அந்த ஒரு சொல் மாற்றத்தில் எத்தனை வருடம் போய்விட்டது பாருங்கள்.

நடுவில் தலை நரைத்த பிறகு ஒரு சரணம். என்னைப் பற்றி நீ பெருமைப்பட வேண்டும் என்று விரும்பினேன் என்கிறது ஒரு குரல், நானும் அதைத்தான் விரும்பினேன் என்கிறது இன்னொன்று. ஆங்கிலத்தில் அதைப் பாடும்போது யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியாது. தமிழில் சொல்ல வந்தால் பிரித்தே ஆகவேண்டும், மேலே நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். எடிசனில் கேட்டபோது எனக்கு அது மகளின் ஏக்கம் மட்டும்தான். அப்பா, என்னைப் பார்த்துப் பெருமைப்படுங்கள் என்று. என் மகள் போன ஜூனில் ஹாஸ்டலுக்குப் போனாள். வெங்காயத்தோடு நின்று கேட்டபோது அந்த வரி அப்பாவின் வாயிலிருந்து வந்தது. மகள் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார், அதை இத்தனை தாமதமாகச் சொல்கிறார். பார் மூலையில் காவல் உட்கார்ந்திருந்த அந்தப் போதகரையும் நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு அது யார் குரலில் கேட்டது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அப்புறம், ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். காதுக்குள்ளேயே பாடினால் எதுவும் டைரி மாதிரித்தான் இருக்கும். இதிலிருந்து மேலே போக விருப்பமிருந்தால் 1996இல் வந்த ‘பாய்ஸ் ஃபார் பேலே’. பெரும்பாலும் அயர்லாந்தில் ஒரு தேவாலயத்தில் வைத்துப் பதிவுசெய்தது, பியானோவோடு ஹார்ப்சிகார்ட் என்ற பழங்கால விசைவாத்தியமும் உண்டு. இதைவிட முரடு. என் அறைத்தோழன் அதை ஒரு பாட்டுக்கு மேல் ஓடவிடவில்லை.