பணம் காசு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது. மழையிலும் இலை உதிரும் மாதங்களிலும் பால் வெட்டு இல்லை. மிச்சம் பிடித்தால் வருஷம் 60,000 ரூபாய் தேறும். தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கலாமா? 15 வருஷம் காத்திருந்து பலன் உண்டா?
- வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 5-க்குள் 60,000 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். இப்போதைய 7.1 சதவீதத்தில் முதல் வருஷ வட்டி 4,260 ரூபாய்தான். பலர் மனம் விட்டுப்போவது இங்கேதான். பத்தாம் வருஷ வட்டி சுமார் 59,100. பதினோராம் வருஷம் 67,600. நீங்கள் கட்டுவதை வட்டி முந்திவிடுகிறது! பதினைந்தாம் வருஷ வட்டி மட்டும் 1,07,900. கட்டிய 9 லட்சம் 16.27 லட்சமாகியிருக்கும்.

இதே வட்டியை வருஷா வருஷம் கையில் வாங்கிச் செலவழித்தால் மொத்தம் 5.11 லட்சம்தான் கிடைக்கும். கணக்கிலேயே விட்டால் 7.27 லட்சம். கூடுதலான 2.16 லட்சமும் வட்டிக்கு வந்த வட்டி, அதில் 1.58 லட்சம் கடைசி ஐந்து வருஷத்தில் சேர்வது. கன்று நட்டு ஏழு வருஷம் கத்தி வைக்காமல் காத்த உங்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

வருமானம் ஏறி இறங்குவதால் பயப்பட வேண்டாம். மாதத் தவணை கட்டாயமில்லை. ரப்பர் ஷீட் விற்ற பணம் வரும்போது கட்டலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம். ஆனால் தேதி முக்கியம். 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் குறைந்த இருப்புக்கே அந்த மாத வட்டி. 60,000-ஐ 6-ஆம் தேதி கட்டினால் 355 ரூபாய் போச்சு. வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. மாறினால் இந்தக் கணக்கும் மாறும். பால் வெட்டு நிற்கும் மாதங்களின் வீட்டுச் செலவுப் பணத்தை இதில் போடவே போடாதீர்கள். பகுதித் தொகை எடுக்க ஏழாம் நிதியாண்டு வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: என் பி.பி.எஃப். கணக்குக்கு 15 வருஷம் முடிந்துவிட்டது. பணம் இப்போது தேவையில்லை. அப்படியே விடலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: விடலாம், வட்டி தொடர்ந்து ஏறும். மேலே சொன்ன கணக்கின் 16.27 லட்சம் கைபடாமல் இருந்தால் ஐந்து வருஷத்தில் 22.93 லட்சம், வருஷம் 60,000 சேர்த்துக் கட்டினால் 26.63 லட்சம். கட்ட நினைத்தால், முதிர்வடைந்த ஓராண்டுக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்துவிடுங்கள். படிவம் கொடுக்காமல் கட்டும் தொகைக்கு வட்டி கிடையாது.