41 வருடமும் ஒரே கோர்ட்டும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தாலுகா ஊர் ஒன்றில் மூன்று வருடமாக ஜூனியராக இருக்கிறேன். என் சீனியர் 41 வருடமாக இதே கோர்ட்டில் சிவில் வழக்குகள் மட்டும் நடத்துகிறார். நீதிபதியாகவில்லை, அரசு வக்கீலாகவில்லை. தினமும் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாய்தா. நல்ல மனிதர்தான். ஆனால் அவரைப் பார்த்தால் என் எதிர்காலத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது. சென்னையில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சீனியர் மாதம் என்ன தருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் சுற்றறிக்கை விட்டது. அதில் பாதிகூட வரவில்லை, வீட்டிலும் வசதியில்லை என்றால் தாராளமாகப் போங்கள். பட்டினி கிடந்து தொழில் பழகச் சொல்லும் ஆள் நான் இல்லை.

ஆனால் தினமும் அதே பாகப்பிரிவினை என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. உங்கள் சீனியர் கோட்டு மாட்டிய காலத்தில் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அது வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகளுக்கு இல்லை. அதனால் கல்யாணப் பத்திரிகை கோர்ட்டுக்கு வந்தது. மஞ்சள் கரை மங்கிப்போன பத்திரிகைகளைக் கேஸ் கட்டில் வைத்து அப்பா நூல் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். முகூர்த்தம் மாசியா, சித்திரையா என்பதில் ஒரு பெண்ணின் நிலம் இருந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. சட்டம் வந்த அன்று அந்த மகளின் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம், 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பில்தான் தீர்ந்தது. நீங்கள் அதே வழக்கு என்று பார்த்தது, உங்கள் சீனியருக்கு ஒவ்வொரு முறையும் வேறு வழக்கு.

வாய்தா வாங்கியே காலம் தள்ளியவர்களும் உண்டு, இல்லாமல் இல்லை. உங்கள் சீனியர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் வக்கீல் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், கிராமத்தையும் சர்வே எண்ணையும் சொல்லிப் பழைய டைரியைப் பார்க்கச் சொல்வார். ஒருநாள் வந்தவர், இருபது வருடத்துக்கு முன் எதிர்த்தரப்பில் நின்று தோற்றவரின் மகன். "உங்களிடம்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார்" என்றார். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும் என்ற விதி உள்ள தொழிலில் இதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? ஆனால் டைரியில் அதே சர்வே எண் இருந்தது. பழைய கட்சிக்காரருக்கு எதிராக அதே நிலம். கட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு வக்கீலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார். முன்பணத்தோடு வந்தவர் போகிறாரே என்று அப்பாவுக்கு வருத்தம். குமாஸ்தாவுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

சென்னைக்குப் போவதென்றால், அதற்கு முன் ஒரு சனிக்கிழமை உங்கள் சீனியரிடம் பழைய டைரிகளைக் கேளுங்கள். 1989-ஐ முதலில் எடுங்கள்.