கடைக்குட்டிகள் எல்லாரும் ஒரே மாதிரியா? பிறப்பு வரிசை குறித்த கேள்வி பதில்

ஆளுமை உளவியல் கற்பிப்பவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்கு ஒற்றை வரியிலும் பதில் தருகிறேன். முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை: பிள்ளைகளை ஒப்பிடுவதென்றால் ஒரே வயதில் வைத்து ஒப்பிடுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்: மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. சொன்ன வேலையைச் செய்து முடிப்பான். இளையவளுக்கு ஏழு. எதையும் பாதியில் விட்டுவிடுவாள். பிறந்த வரிசைதானே காரணம்?

எச்சரிக்கையை எழுதி மை காயவில்லை, அம்மா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளையைவிடப் பொறுப்பாக இருக்க இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளே போதும். மகன் ஏழு வயதில் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். நினைவு நம்மை ஏமாற்றும் என்பதால், அந்த வயதுப் பள்ளிக் குறிப்புகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

உளவியல் மாணவர்: இந்தக் கருத்தை முதலில் கிளப்பியவர் யார்?

1874இல் பிரான்சிஸ் கால்டன் ஆங்கில விஞ்ஞானிகளைப் பற்றிய நூலில், அவர்களில் தலைப்பிள்ளைகள் மிகுதி என்று எழுதினார். அவரோ தம் வீட்டின் கடைக்குட்டி. அதை ஆளுமைக் கோட்பாடாக வளர்த்தவர் ஆல்ஃபிரட் ஆட்லர். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை அரியணையிலிருந்து இறக்கப்படுகிறது, அந்தக் காயம் அதன் குணத்தை வடிக்கிறது என்றார்.

அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. 1983இல் எர்ன்ஸ்ட், ஆங்ஸ்ட் என்ற இரு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் அலசி, பெரும்பாலானவை முறை பிழைத்தவை என்று காட்டினார்கள். ஐந்தாவது பிள்ளை என்று ஒருவர் இருக்க வேண்டுமானால் அந்த வீட்டில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் இருந்தாக வேண்டும். பல பிள்ளைகள் உள்ள வீடும் ஒரு பிள்ளை உள்ள வீடும் வருமானத்தில், பெற்றோர் கல்வியில் வேறுபடக்கூடும். அதைக் கணக்கில் கொள்ளாமல் மூத்தவர்களையும் ஐந்தாமவர்களையும் ஒப்பிட்டால், வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடுதான் வரிசையின் வேடத்தில் வந்து நிற்கும்.

சாதனையாளர் பட்டியல்களிலும் இந்தக் கண்ணி உண்டு. எல்லா வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் பாதிப் பேர் மூத்தவர்கள்தாம். ஒற்றைப் பிள்ளைகளையும் மூத்தவர் கணக்கில் எழுதினால் பாதியைத் தாண்டிவிடும். இதில் வியக்க ஒன்றுமில்லை.

நடுவில் பிறந்தவள்: நடுப்பிள்ளைகளைப் பீடிக்கும் மனக்கோளாறு என்கிறார்களே, உண்மையா?

அப்படியொரு நோய் எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் இல்லை. ஆனால் உங்கள் மனக்குறைக்குக் கணக்கில் ஓர் இடம் இருக்கிறது. பெற்றோர் நாள்தோறும் தங்கள் நேரத்தைப் பிள்ளைகளுக்குச் சரிசமமாகப் பங்கிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்குத் தம்பி தங்கை பிறக்கும்வரை பெற்றோர் முழுமையாகக் கிடைத்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு மற்றவர்கள் வளர்ந்து வெளியேறியபின் கிடைக்கிறார்கள். நடுப்பிள்ளைக்கு அப்படி ஒரு காலமே வாய்ப்பதில்லை. ஹெர்ட்விக், டேவிஸ், சலோவே மூவரும் 2002இல் இதை விளக்கினார்கள். பெற்றோர் ஓரவஞ்சனை செய்யாமலே மொத்தத்தில் பங்கு குறையலாம். அதனால் குணம் மாறிவிடும் என்பது வேறு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

பெயர் சொல்லாதவர்: மூத்தவர்களுக்கு அறிவு அதிகமா?

சராசரியில், ஆம், மிகச் சிறிதளவு. 1973இல் நெதர்லாந்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் இளைஞர்களின் தேர்வு மதிப்பெண்களை அலசியபோது, வரிசை இறங்க இறங்க மதிப்பெண்ணும் இறங்கியது. 2007இல் நார்வேயில் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம், மூத்தவருக்கும் இரண்டாமவருக்கும் நுண்ணறிவு ஈவில் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று மேல் இடைவெளி தெரிந்தது.

அந்த ஆய்வின் அழகான பகுதி இனிமேல்தான். மூத்த குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, மூத்தவராக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகளைத் தனியே பார்த்தார்கள். அவர்களின் சராசரி தலைப்பிள்ளைகளோடு ஒத்துப்போனது. ஆகவே காரணம் கருப்பையில் அன்று, வீட்டில் வகிக்கும் இடத்தில் என்று தோன்றுகிறது. இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் மூத்தவருக்கே பயன் என்பது ராபர்ட் சையன்ஸ் என்ற உளவியலாளர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

இதை வைத்து இளைய பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள். இரண்டு புள்ளி என்பது சராசரி வேறுபாடு. ஏதேனும் பத்து உடன்பிறப்பு இணைகளை எடுத்தால், சுமார் நான்கில் இளையவரே முந்தியிருப்பார்.

மூன்று மகன்களின் தந்தை: பெரியவன் அமைதி, சின்னவன் (நான்கு வயது) அடம். வரிசையினாலா?

முதல் பதிலைப் பாருங்கள். ஒரே வயதில் ஒப்பிடுங்கள்.

விடாக்கண்டன்: எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள், ஐயா. இளையவர்களே பழைய கொள்கைகளை உடைப்பவர்கள் என்று 1996இல் சலோவே ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளை வைத்து நிறுவவில்லையா? டார்வின் ஐந்தாவது பிள்ளை அல்லவா?

ஆறு பேரில் ஐந்தாமவர், சரி. கலிலியோ மூத்தவர். கெப்ளர் மூத்தவர். நியூட்டன் தாய்க்குத் தலைப்பிள்ளை. ஐன்ஸ்டைனுக்கு ஒரு தங்கை மட்டுமே. இவர்கள் உடைக்காத கொள்கையா? பட்டியலுக்குப் பட்டியல் வீசி இதைத் தீர்க்க முடியாது.

2015இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு ரோரர் குழு செய்தது ஒன்று. சுமார் 3,77,000 அமெரிக்க மாணவர்களைக் கொண்டு டேமியனும் ராபர்ட்ஸும் செய்தது மற்றொன்று. முதலாவதில் கலகலப்பு, மனச் சமநிலை, இணக்கம், பொறுப்புணர்வு எதிலும் வரிசையின் தடம் இல்லை. இரண்டாவதில் வரிசைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பின் அளவு சராசரியாக 0.02 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). அதை வைத்து ஒரு மனிதரைப் பற்றி எதையும் ஊகிக்க இயலாது.

விடாக்கண்டன்: அப்படியானால் உடன்பிறந்தவர்களையே ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்ன ஆய்வுகளில் மட்டும் மூத்தவர் பொறுப்பானவராக வருவதேன்?

நல்ல கேள்வி. அண்ணனை அளக்கும் தம்பி, எப்போதும் தன்னைவிட மூத்திருந்த ஒருவரை அளக்கிறான். மீண்டும் வயதுதான். ஜூடித் ரிச் ஹாரிஸின் வாதமும் இங்கே பொருந்தும்: வீட்டில் கற்ற நடத்தை வீட்டோடு தங்கிவிடுகிறது. தம்பியை அதட்டும் அண்ணன் வகுப்பில் அடங்கியிருக்கலாம். பெற்றோர் பார்ப்பது பொய்யன்று. அவர்கள் பார்ப்பது வீட்டில் ஏற்ற வேடத்தை.

இன்னொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கனடாவின் ஆஷ்டன், லீ இருவரின் அண்மைய ஆய்வை விட்டுவிட்டீர்களே? நேர்மையும் பணிவும், இணக்கமும் நடுப்பிள்ளைகளிடம் கூடுதல் என்கிறதே?

விடாக்கண்டன்: இதற்கு என்ன சொல்வீர்கள்?

மதிக்க வேண்டிய ஆய்வு என்றுதான் சொல்வேன். ஆனால் தலைப்பைத் தாண்டிப் படியுங்கள். அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு உடன்பிறந்தோரின் எண்ணிக்கையைச் சார்ந்தது. நடுப்பிள்ளை இருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகளாவது இருப்பார்கள் அல்லவா? பிள்ளைகளின் எண்ணிக்கை சமமாக உள்ள வீடுகளை மட்டும் ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. பலரோடு பகிர்ந்து வளர்வது ஒத்துழைப்பைப் பழக்கலாம். அது வாதத்துக்கு உரிய கருத்து. ஆனால் அது குடும்ப அளவைப் பற்றியது, வரிசையைப் பற்றியதன்று.

விடாக்கண்டன்: சுருங்குகிறது என்றால் மறைந்துவிடவில்லை.

மறைந்துவிடவில்லை. சிறிதளவு எஞ்சுகிறது. அந்தச் சிறிதளவை வைத்து ஆளின் குணம் சொல்லும் கூட்டத்தோடுதான் எனக்குச் சண்டை, உங்களோடு அன்று.

ஒற்றை மகளின் தாய்: தனிப்பிள்ளை தன்னலக்காரியாக வளர்வாளா?

ஃபால்போ, போலிட் இருவரும் 1986இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழகும் குணத்தில் தனிப்பிள்ளைகள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. சற்றுமுன் பேசிய ஆஷ்டன், லீ ஆய்வில் தனிப்பிள்ளைகளின் இணக்கம் சற்றுக் குறைவுதான். உங்கள் மகளைப் பற்றி அஞ்சுமளவுக்கு அது பெரிதன்று.

மணமகன் தேடுபவர்: இருவருமே தலைப்பிள்ளைகள். ஒத்துப்போகுமா?

வரிசையிலிருந்து சொல்ல முடியாது. அவரிடம் பேசிப் பாருங்கள்.

அக்கா: என் தங்கை நிறையப் பொய் சொல்கிறாள். கடைக்குட்டி என்பதாலா?

அவளுக்கு என்ன வயது?

அக்கா: நான்கு.

அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் பொய் சொல்லிப் பார்ப்பார்கள். அடுத்தவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் பிடிபடத் தொடங்குகிறது. நான்கு வயதில் நீங்கள் சொன்னவற்றை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.