மந்திரவாதிப் பெண்ணும் துப்பறியும் எஸ்.ஐ.யும்: குமரி மாவட்டத்தில் நடக்கும் அமானுஷ்ய மர்மக் காதல் கதையை எப்படிக் கட்டுவது?

கேள்வி இதுதான்: மை போட்டுப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் கொலையைத் துப்பறிபவனுக்கும் காதல். களம் கன்னியாகுமரி மாவட்டம். மந்திரம் உண்மையாகவே பலிக்க வேண்டும், மர்மமும் கெடக்கூடாது. சாத்தியமா?

சாத்தியம்தான். எழுதத் தொடங்கும் முன் மந்திரத்துக்கு ஒரு வேலி போட்டுவிடுங்கள். இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். அவள் வெற்றிலையில் மை தடவி, விளக்கின் முன் உற்றுப் பார்த்து, கொலைகாரன் முகத்தையே சொல்லிவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தோடு கதை தீர்ந்துபோகும். மையில் தெரிவது நடந்ததில் ஒரு துண்டாக மட்டும் இருக்கட்டும்: ஒரு பொருள், ஓர் இடம், ஒரு சத்தம். ஆள் முகம் தெரியவே கூடாது. ஒரு சாவுக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைக்குப் பாழுங்கிணற்றைச் சிபாரிசு செய்வேன். இலை தழை அழுகும் கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கும். அது காற்றைவிடக் கனமானது. ஆக்சிஜன் வழக்கமான 21 விழுக்காட்டிலிருந்து 16 வாக்கில் இறங்கினாலே விளக்கு அணைந்துவிடும். அதைவிட மோசமான காற்றில் இறங்குகிறவர் கூப்பிடக்கூட நேரமில்லாமல் சாய்வார். தூக்கப் போன இரண்டாமவரும் சாய்வார். ஊர் உடனே "ரெண்டு பேரை எடுத்திருக்கு" என்று சொல்லும். உடலில் காயம் இருக்காது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை நடந்தாலும், இந்தச் சாவுக்கு மட்டுமே உரிய அடையாளம் எதுவும் கிடைக்காது. பேயா வாயுவா என்ற சந்தேகம் கதை முழுக்க நேர்மையாக நிற்கும்.

இறங்கும் முன் விளக்கை விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். கொலையை அங்கேயே வையுங்கள். ஒருவன் முதல் நாள் அரிக்கன் விளக்கை இறக்கிப் பார்த்தான். அணைந்துவிட்டது. மறுநாள் "நல்லா எரிஞ்சுதே, இறங்கு" என்று சொல்லி ஆளை இறக்கினான். மையில் அவளுக்குத் தெரிவது ஒரே வரி: "வெளக்காக்கும் மொதல்ல செத்தது." ஊர் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளும். எஸ்.ஐ. அதையே தடயமாக மாற்ற வேண்டும். எண்ணெய் நிறைந்த, திரி கருகிய விளக்கு யார் வீட்டில் கிடக்கிறது? கிணற்றுப் பாசி எத்தனை அடி வரை கயிற்றில் ஏறியிருக்கிறது? அவள் சொன்ன துண்டை அவன் நிரூபணமாக மாற்றும் இந்த வேலையில்தான் காதல் வளர வேண்டும், மழையில் ஒரே குடைக்குள் நின்று அல்ல.

ஒரு எச்சரிக்கை: விளக்கு எரிந்தால் கிணறு பாதுகாப்பானது என்று எந்தப் பாத்திரமும் உறுதி சொல்லக் கூடாது. நச்சுவாயு இருந்தாலும் விளக்கு எரியும். எரியும் வாயு இருந்தால் வெடிக்கும்.

இனி சட்டம். காதலுக்கு வேண்டிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தனியார் துப்பறிவாளருக்குக் கைது அதிகாரம் இல்லை, ஆகவே எஸ்.ஐ.யே நல்லது. முதலில் இது இயற்கைக்கு மாறான சாவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குரிய பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. பழைய சட்டத்தின் 174-ஐ எழுதினால் வாசகர் பிடித்துவிடுவார். மையில் கண்டது நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் அவள் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்தால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இவளுக்கு எப்படித் தெரியும்?" போலீஸ் காவலில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அது அவருக்கு எதிராகச் செல்லும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 23 அப்படிச் சொல்கிறது. அவள் எவ்வளவு சரியாகச் சொல்கிறாளோ, அவ்வளவு சந்தேகம் அவள் மேல் ஏறும். அவன் துப்புத் துலக்கத் துலக்க அவளையே மாட்டிவிடுகிறான். 24 அத்தியாயம் என்றால் 14, 15 வாக்கில் அவன் இதை உணர வேண்டும். காதல் உறுதியானதும் வழக்கை வேறு அதிகாரியிடம் விட்டுவிடுவது அவன் கடமை. விட்டால் அவளைக் காக்க முடியாது.

மாவட்டம் என்ற பெயருக்காக முக்கடல் சூரிய உதயத்தைக் கொண்டுவர வேண்டாம். இருவரும் வாதிட சுசீந்திரம் கோயில் போதும். குற்றஞ்சாட்டப்பட்டவர் கையைக் கொதிக்கும் நெய்யில் முக்கி உண்மை பார்க்கும் கைமுக்கு அங்கே நடந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் நின்றது. தெய்வம் சாட்சி சொல்லும் என்று அவள் பேசவும், வெந்த கை எதைச் சொல்லும் என்று அவன் கேட்கவும் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முப்பந்தல் இசக்கியை வில்லியாக்காதீர்கள். குழந்தை வரம் கேட்டுக் கும்பிடும் தெய்வம் அது. பயம் காட்டவென்று அவளை இழுத்தால் உள்ளூர் வாசகர் அந்தப் பக்கத்திலேயே கதையை மூடிவிடுவார்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை: "விடியற்காலை 4 மணி, ஆளரவமற்ற ரப்பர் தோட்டம்." வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஒழுகும் என்பதால் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர்கள் தோட்டத்தில் நடமாடும் நேரம் அது. வெளியூர்க்காரனுக்கு அது கொள்ளிவாய்ப் பிசாசு, எஸ்.ஐ.க்கு வரிசையாகச் சாட்சிகள். யாரும் பார்க்கக் கூடாது என்றால் ஜூன் மாதத்துக் கனமழை நாளைத் தேர்ந்தெடுங்கள், அன்று வெட்டு இருக்காது. பேச்சில் விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் கலக்கும், நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு. "எனக்க", "இஞ்ச", "ஆக்கும்" இவை அளவாக வந்தால் போதும், வரிக்கு வரி வேண்டாம்.

உச்சக்கட்டத்துக்கு ஒரு விதி கையில் இருக்கிறது. தவிர்க்க முடியாத சூழல் இருந்து, பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றாலொழிய, ஒரு பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. அவளைக் கைது செய்யப் புதிய அதிகாரி காலையில் வருவார். எஸ்.ஐ.க்கு இருப்பது ஓர் இரவு. கயிறும் விளக்கும் யாருடையவை என்று அந்த இரவுக்குள் நிரூபித்தாக வேண்டும். அதுவரை "சார்" என்றே பேசிக்கொண்டிருந்தவள், அவன் கயிற்றோடு திரும்பி வரும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்கட்டும்.