'எக் சப்ஸ்டிட்யூட்' டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள்

கும்பகோணத்திலிருந்து அமெரிக்காவில் டென்வருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது, வீட்டில் ஓவன் இருக்கிறது ஆனால் தொட்டதில்லை, மார்ச் மாதம் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள், நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை, கேக்கில் முட்டைக்குப் பதிலாக வீட்டிலேயே என்ன செய்து போடலாம் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மிக்ஸி, குளிர்கோட்டு, இட்லி மாவு, டிரைவிங் லைசென்ஸ் என்று இன்னும் நாலு கேள்வி. அதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் மிக்ஸி அங்கே சரியாக ஓடாது, நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. கோட்டை அங்கேயே வாங்குங்கள். இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள், விடிவதற்குள் பொங்கிவிடும். முட்டை விஷயத்தை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன். அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதவள் நான்.

இப்போது திருவையாற்றில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஆராதனைக்கென்று வந்தது. காலையில் ஆற்றங்கரைப் பந்தலில் பஞ்சரத்ன கீர்த்தனை கேட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன், கைபேசியைத் திறந்தால் உங்கள் கேள்வி. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அதே ஊர்ப் பனியில் ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்துவிட்டது.

1999 நவம்பரில் போனேன். வீட்டுக்காரருக்கு மென்பொருள் வேலை, என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஓவனுக்குள் வாணலியையும் தோசைக்கல்லையும் அடுக்கி வைத்திருந்தேன். (நம்மவர்களில் பாதிப் பேர் பத்து வருடம் ஆனாலும் அதைப் பாத்திர அலமாரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.) டிசம்பரில் அவருக்குப் பிறந்தநாள் வந்தது. கடையில் குளிர்பதனப் பகுதியில் சின்ன அட்டைப் பெட்டி ஒன்று, 'எக் சப்ஸ்டிட்யூட்' என்று பெரிய எழுத்தில். சப்ஸ்டிட்யூட் என்றால் பதிலி. முட்டைக்குப் பதில், அப்படியென்றால் முட்டை இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதுதான் அர்த்தம். ஒரு முட்டைக்குக் கால் கப் என்று போட்டிருந்தபடியே ஊற்றிக் கேக் செய்தேன். இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டோம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் காலை குப்பையில் போடுமுன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் முதல் பொருளே முட்டை வெள்ளைக்கரு! மஞ்சள் கருவின் கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்காகச் செய்த பண்டம் அது. சைவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. வந்திருந்த தமிழ்ப் பெண் ஒருவர், எனக்குப் பத்து வருடம் முன்னால் வந்தவர், போனில் சிரித்தார். "அமெரிக்கா வந்துட்டு முட்டைக்கு அழுவாங்களா?" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவே இரண்டு வருடம் ஆனது. "தெரியாமத்தானே சாப்பிட்டே, அடுத்த தடவை படிச்சுப் பார்த்து வாங்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அதனால் முதல் எச்சரிக்கை இதுதான். 'சப்ஸ்டிட்யூட்' என்று திரவமாக விற்பது பெரும்பாலும் முட்டையேதான். 'எக் ரீப்ளேசர்' என்று பொடியாக விற்பதில் பொதுவாக முட்டை இருக்காது, இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் ஊர்ப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி பார்த்தே பழகியிருப்பீர்கள், அங்கே அரசாங்கம் வைத்த பச்சைப் புள்ளி கிடையாது. ஆனால் நான் போன காலத்தைவிட உங்கள் நிலைமை மேல். 2004-இல் ஒவ்வாமைப் பொருள்களுக்கு ஒரு சட்டம் போட்டார்கள், 2006 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொட்டலத்தில் அடைத்த உணவில் முட்டை இருந்தால் 'எக்' என்ற சொல்லே இருந்தாக வேண்டும். என் காலத்தில் 'அல்புமின்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நான் அகராதியை வைத்துக்கொண்டு கடையில் நிற்பேன். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் லேபிள் இல்லாமல் இருப்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பளபளவென்று மேல்பூச்சு உள்ள ரொட்டியில் முட்டை தடவியிருப்பார்கள். மெரிங்க் பவுடர் என்பது காய்ந்த முட்டை வெள்ளை. கேக் மேல் வைக்கிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது மிருக எலும்பிலும் தோலிலும் எடுப்பது. சில தயிர் டப்பாவில்கூட ஜெலட்டின் இருக்கும். 'எக்' என்ற சொல்லை மட்டும் தேடுகிறவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள்.

சரி, இனி பதிலிக்கு வருவோம்.

எல்லோரும் 'ஒரு முட்டைக்கு என்ன போடுவது' என்றுதான் கேட்கிறார்கள். அந்த முட்டை அந்தக் கேக்கில் என்ன வேலை பார்த்தது என்று முதலில் பாருங்கள். வடைக்கு உளுந்து ஆட்டியிருப்பீர்கள். நன்றாகக் காற்றுப் பிடித்து ஆட்டிய மாவைத் தண்ணீரில் ஒரு துளி போட்டால் மிதக்கும். அதே மாவுதான் எண்ணெயில் வடை உடையாமல் பிடித்தும் வைக்கிறது. முட்டையும் இந்த இரண்டு வேலையைத்தான் செய்கிறது, காற்றைப் பிடிப்பது, மாவைச் சேர்த்துப் பிடிப்பது. அதோடு கொஞ்சம் ஈரமும் நிறமும். வீட்டில் செய்கிற எந்தப் பதிலியும் இத்தனையையும் ஒருசேரச் செய்யாது. ஒரு முட்டை, இரண்டு முட்டை சொல்லியிருக்கிற செய்முறையில் மாற்றிப் போடலாம். மூன்றுக்கு மேல் போனால் அந்தச் செய்முறையை விட்டுவிட்டு, ஆரம்பத்திலிருந்தே முட்டை இல்லாத செய்முறையைத் தேடுங்கள். ஏஞ்சல் ஃபுட் கேக் என்று ஒன்று இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் செய்வது. ஆளி விதையைக் கரைத்து அதைச் செய்யப் பார்த்து மாவையெல்லாம் வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிஸ்கட், பிரவுனி, வாழைப்பழ ரொட்டி மாதிரி கெட்டியானவற்றுக்கு ஆளி விதைதான் என் தேர்வு. ஒரு டேபிள்ஸ்பூன் பொடியில் மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், ஊறவைத்த வெந்தயம் மாதிரி கொழகொழவென்று வரும். அது ஒரு முட்டைக்குச் சமம். பொடியாகவே வாங்கினால் ஃப்ரீசரில் வையுங்கள், வெளியில் இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். வெள்ளைக் கேக்கில் போடாதீர்கள், பழுப்புப் புள்ளி தெரியும், பார்க்கிறவர்கள் என்ன என்ன என்று கேட்பார்கள்.

வெள்ளைக் கேக்குக்குத் தயிர். கால் கப் தயிரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா. நம் கைக்கு இதுதான் மிகச் சுலபமாக வரும், வீட்டில் தோய்த்த தயிர் என்றால் ஜெலட்டின் கவலையும் இல்லை.

பொடியாகச் செய்து பாட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் ஒரு கப், மரவள்ளி ஸ்டார்ச் முக்கால் கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், மூன்றையும் இரண்டு தடவை சலித்து வையுங்கள். ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர். கடையில் கவனம்: 'பொட்டேட்டோ ஸ்டார்ச்' வேறு, 'பொட்டேட்டோ ஃப்ளவர்' வேறு. இரண்டாவது கிழங்கையே வேகவைத்து உலர்த்தி அரைத்தது, கேக் பசை மாதிரி ஆகிவிடும். அதே மாதிரி, நாம் கார்ன்ஃப்ளார் என்று சொல்கிற வெள்ளைப் பொடி அங்கே 'கார்ன் ஸ்டார்ச்'. 'கார்ன் ஃப்ளவர்' என்று கேட்டால் சோளத்தை மாவாக அரைத்துத் தருவார்கள். மைதா என்பது 'ஆல் பர்ப்பஸ்'. 'செல்ஃப் ரைசிங்' எடுத்தால் அதிலேயே பேக்கிங் பவுடரும் உப்பும் இருக்கும், நீங்களும் போட்டால் இரட்டிப்பு.

கொண்டைக்கடலை டப்பாத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். நாம் ரசத்தில் விடுகிற, இல்லாவிட்டால் கொட்டுகிற அதே தண்ணீர்தான். 2014-இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்று கண்டுபிடித்தார், அடுத்த வருடம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வைத்தார். ஒரு முட்டைக்கு மூன்று டேபிள்ஸ்பூன். உப்பில்லாத டப்பாவாக வாங்குங்கள். இது என் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ செய்திருப்பேன்.

இனி டென்வருக்கே உரிய விஷயம். இதை மற்ற ஊர்க்காரர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 5,280 அடியில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். கேக்கில் சோடா கிளப்புகிற காற்று அங்கே அதிகமாக விரியும். குடு குடுவென்று மேலே ஏறி, உள்ளே வேகுமுன் நடுவில் உட்கார்ந்துவிடும். முட்டை இருந்தாலாவது வெந்து இறுகித் தாங்கும், நம் கேக்குக்கு அந்தத் தாங்கல் இல்லை. அதனால் சோடாவும் பேக்கிங் பவுடரும் கால் பங்கு குறைக்க வேண்டும், சர்க்கரையைக் கப்புக்கு ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கப்புக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கூட்ட வேண்டும், சூட்டை 15 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்ற வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் உயரமான ஊர்களுக்கென்றே பேக்கிங் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறார்கள், படியுங்கள்.

டிகிரி என்றதும் நினைவு வருகிறது. நம் ஊர்ச் செய்முறையில் 180 என்றிருந்தால் அது செல்சியஸ். அங்கே ஓவன் ஃபாரன்ஹீட்டில் பேசும், 350 வைக்க வேண்டும். நான் 180 வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு வெதுவெதுப்பாக அப்படியே கிடந்தது.

என்னைத் தேற்றியது பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி. கேன்சஸில் பண்ணை வீட்டில் பிறந்தவர். நான் முட்டை சாப்பிடுவதில்லை என்றதும் சிரிக்கவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய அட்டையை எடுத்து வந்தார். 1930-களில் அவர்கள் நாட்டில் பெரிய பொருளாதார வீழ்ச்சி, முட்டையும் பாலும் வெண்ணெயும் வாங்க வழியில்லாத வீடுகளில் அவை இல்லாமலே கேக் சுட்டிருக்கிறார்கள். 'வேக்கி கேக்' என்று பெயர். அவர் அம்மா செய்ததாம். நம்மவர் சிரித்த இடத்தில் அந்த அம்மாள் என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். புதிதாக வருகிறவர்களின் நியமத்தைப் பார்த்துச் சிரிக்கிற நம் பழைய ஆட்களை நான் இன்றைக்கும் வீட்டில் நிறுத்திக் கேட்பேன். யார் முட்டை சாப்பிடலாம், யார் வேண்டாம் என்பது அவரவர் வீட்டு விஷயம். அதே சமயம், யார் வீட்டிலும் எதையும் தொடாமல் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு நமக்கு இங்கே யாரும் இல்லை என்று சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. நீங்களே ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போங்கள். இருபது வருடமாக எல்லா விருந்துக்கும் நான் கொண்டுபோவது இந்தக் கேக்தான், தட்டு காலியாகித்தான் திரும்பி வரும்.

பாப்பாவுக்கும் இதையே செய்யுங்கள். டென்வருக்கு நான் திருத்திய அளவு: மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப்பில் இரண்டு டேபிள்ஸ்பூன் குறைத்து, கோகோ மூன்று டேபிள்ஸ்பூன், சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இதைக் கலந்துவிட்டு எண்ணெய் ஐந்து டேபிள்ஸ்பூன், வெள்ளை வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், வனிலா ஒரு டீஸ்பூன், தண்ணீர் ஒரு கப்பும் இரண்டு டேபிள்ஸ்பூனும். கப் என்றால் அங்கே விற்கிற 240 மில்லி கப், நம் டம்ளர் இல்லை. கட்டி இல்லாமல் கலந்தவுடனே ஓவனில் வைத்துவிட வேண்டும், வினிகரும் சோடாவும் சேர்ந்து நுரைத்தது அடங்கிவிட்டால் கேக் எழும்பாது. எட்டு அங்குலச் சதுரத் தட்டு, 365 டிகிரி, அரை மணி நேரம். நடுவில் குச்சியை விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். மேலே பூச வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்த அமெரிக்கன் பட்டர் க்ரீம் போதும், அதில் முட்டை இல்லை. ஸ்விஸ், இட்டாலியன் என்று பெயர் இருந்தால் முட்டை உண்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய அலுமினிய குக்கரை இறக்கச் சொன்னார். நான் எட்டாவது படிக்கும்போது பத்திரிகையில் பார்த்து, குடமுருட்டி ஆற்று மணலை அலசிக் காயவைத்து அந்தக் குக்கருக்குள் பரப்பி, தண்ணீர் விடாமல், ரப்பரும் வெயிட்டும் கழற்றிவிட்டு, அதன்மேல் கிண்ணம் வைத்துக் கேக் சுட்டார். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், முட்டை கிடையாது. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு போனது. ஈர்க்குச்சி விட்டுத்தான் வெந்ததா பார்த்தார். அந்த மணலின் கறை குக்கரின் அடியில் இன்னும் இருக்கிறது. நான் அமெரிக்காவில் கற்றுக்கொண்டேன் என்று நினைத்ததை அம்மா ஓவனே இல்லாமல் செய்திருக்கிறார்.

பிறந்தநாளுக்கு முன்னால் இரண்டு தடவையாவது செய்து பாருங்கள், முதல் தடவையே விருந்தாளி முன்னால் வைக்காதீர்கள். நடுவில் குழி விழுந்தால் சோடாவை அரை டீஸ்பூனாக்குங்கள். ஓரம் காய்ந்து நடு ஈரமாக இருந்தால் சூட்டை 350-க்கு இறக்கி ஐந்து நிமிடம் கூட வையுங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள், தட்டின் அளவையும் சேர்த்து.